கெடுதல் விகாரம்

ஒத்வாரின் இடது கையில் மூன்று விரல்கள்.
மோதிர விரலையும் சுண்டு விரலையும்
காட் மீனின் தலை அறுக்கும் எந்திரம் எடுத்துக்கொண்டது,
பிப்ரவரியில், இரண்டாம் ஷிஃப்ட் முடியப்
பத்து நிமிடம் இருக்கையில்.

கடைக் கையுறையில்
இல்லாத விரல்களுக்கும் இடம் இருந்தது.
அவை கொக்கியில் மாட்டின, கதவில் சிக்கின.
வார்டோவில் காற்று எழும்பினால்
யாரையோ கூப்பிடுவதுபோல் ஆடின.
செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துப் பார்த்தான்.
நனைந்தது.

எடை மேசையில் நிற்கும் ஹெர்டிஸ்
காபி இடைவேளையில் பின்னுகிறவள்.
"கையை வை" என்றாள்.
ரொட்டித் துணுக்குகளுக்கு நடுவே வைத்தான்.
தழும்பைத் தாண்டிச் சரிவைப் பார்த்தாள்:
நடுவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு நோக்கி
எத்தனை சென்டிமீட்டரில் எவ்வளவு இறங்குகிறது.
"இல்லாத சுண்டுவிரல்தான்
அதிகம் குளிர்கிறது" என்றான்.
"அதற்குப் பின்ன எனக்குத் தெரியாது."

நாற்பத்தெட்டுக் கண்ணிகள். சாம்பல் நிறக் கம்பளி.
கட்டைவிரலின் கண்ணிகள் ஏற்கெனவே
ஒரு துண்டு நூலில் காத்திருந்தன.
இருக்கும் இரண்டு விரலுக்கு இருபத்துநான்கு.
மீதி இருபத்துநான்கையும்
ஆறாகக் குறைக்க வேண்டும்.
இரண்டு கண்ணிக்குள் ஊசியை ஒரே குத்தாக நுழைத்து
ஒன்றாக வெளியே எடுத்தாள்.

மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர்.
நடுவில் நின்ற மகர ஒற்று எங்கே போயிற்று என்று
யாரும் தேடுவதில்லை.
கெடுதல் என்று அதற்குப் பெயர், விகாரத்தில் ஒரு வகை.
ஒத்வாருக்குச் சொல்லலாமென்று
நார்வேஜிய அகராதியைப் புரட்டினேன்.
கெடுதலுக்கும் விகாரத்துக்கும்
வேறு பொருள்கள்தான் முதலில் வந்தன.
மூடிவைத்துவிட்டேன்.

ஆனாலும் ஹெர்டிஸின் ஊசியில்
கெட்டது எங்கும் போகவில்லை.
பக்கத்துக் கண்ணியின் முதுகுக்குப் பின்னால்
நின்றுகொண்டிருக்கிறது.
உள்பக்கம் திருப்பினால் தெரியும்.

ஒரு வாரம் போட்டுக்கொண்டு திரிந்தான்.
எட்டாம் நாள் கழற்றி வைத்தான்.
"குத்துகிறது."
திருப்பிப் பார்த்தாள்.
குறைத்ததெல்லாம் வலப்பக்கமே சாய்ந்து
உள்ளங்கை முறுக்கிக் கிடந்தது.
கடைசி ஆறு கண்ணியில் நூலைக் கோத்து இழுத்த சுருக்கு
சரியாக நரம்பின் நுனியில்.
"சோம்பேறி" என்றாள், தன்னைத்தான்.
சரிவு முழுவதையும் உருவினாள்.
சுருள் விழுந்த நூலை நனைத்து
ஹீட்டர்மேல் போட்டாள்.

மறுபடி பின்னும்போது
எண்ணிக்கைக்கு நடுவே உதடு அசைந்தது:
புறங்கையில் வலம் சாய்ந்தால்
உள்ளங்கையில் இடம்.
இடம் சாய, ஒன்றை நழுவவிடு,
அடுத்ததையும் நழுவவிடு,
பிறகு இரண்டையும் பின்புறமாகச் சேர்த்துப் பின்னு.
ஓரத்திலேயே குறைக்காதே,
ஒரு கண்ணி விட்டுக் குறை;
விட்ட கண்ணி வரப்புபோல் நேரே ஓடட்டும்.
ஒரு சுற்று குறைத்தால் ஒரு சுற்று சும்மா.
அவசரப்பட்டால் கூம்பும்,
தயங்கினால் பை விழும்.
பத்தொன்பது வந்தால் பிசகு. இருபது.
பதினெட்டு.
எழுந்து போய்ச் சைரனுக்குப் பதில் சொல்லிவிட்டு
நான்கு மணி நேரம் கழித்து,
பதினாறு.

கடைசி ஆறை இந்த முறை சுருக்கவில்லை.
மூன்றும் மூன்றும் எதிரெதிரே நிற்க
கம்பளி ஊசியால் இடையில் ஒரு வரிசை
பின்னியதுபோலவே தைத்து ஓட்டினாள்.
முடிவு எங்கே என்று
விரலால் தடவிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

வலது கையுறைக்கு மூன்று மாலை போதுமாயிருந்தது.
அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஒத்வார் இரண்டையும்
மீன் தராசில் ஒவ்வொன்றாக வைத்தான்.
வலது ஐம்பத்திரண்டு கிராம்.
இடது நாற்பத்தைந்து.
பழக்கதோஷத்தில் ஹெர்டிஸ் பேனாவை எடுத்தாள்.
அவன் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினான்:
பத்து கிராம் வரை குறைந்தால்
கணக்கில் வராது.